"இப்பல்லாம் பயமே இல்லை" என்ற ரசிகர்: செந்தோசாவில் இரண்டு இரவுகள்

யார், எங்கே

இது செந்தோசாத் தீவில் இருக்கும் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவில், நடிகர்கள் பேயாக வந்து பயமுறுத்தும் 'பேய் வீடுகள்' கொண்ட ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் என்ற இரவு நிகழ்வு நடந்த ஓர் அக்டோபரில், ஒரே மாதத்தில் இரண்டு முறை போய் வந்ததன் பதிவு. போனவர்களின் அடையாளம் தெரியக்கூடாது என்பதால் ஆண்டையும் பேய் வீடுகளின் பெயர்களையும் விட்டுவிட்டேன். பூங்காவின் மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. தவறு முழுவதும் எங்கள் பக்கம்தான்.

முதல் இரவு ஐந்து பேர் போனோம். நாற்பதை நெருங்கும் என் நண்பர். இனி இவரை 'ரசிகர்' என்றே சொல்கிறேன். அவருடைய அக்கா மகள், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, பத்தொன்பது வயது. ரசிகரோடு வேலை பார்க்கும் சீன நண்பர் ஒருவர். மதுரையில் வளர்ந்து திருமணத்துக்குப் பிறகு சிங்கப்பூர் வந்த என் மனைவி. அப்புறம் நான். தமிழ் மேடை நாடகங்களுக்கு விளக்கமைப்பு செய்வது என் பொழுதுபோக்கு. பேய் வீட்டுக்குள் போனாலும் விளக்கு எங்கே இருக்கிறது என்றுதான் கண் தேடும். இது ஒருவகையில் கெடுதல், இந்தப் பதிவுக்கு மட்டும் உதவியது.

ரசிகரின் கருத்துகள்

செந்தோசாவில் இந்தப் பூங்கா 2010 மார்ச்சில் திறந்தது. ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் 2011இல் தொடங்கியது. கோவிட் காலத்தில், 2020, 2021 இரண்டு ஆண்டும், நடக்கவில்லை. 2022இல் திரும்பி வந்தது. நடந்த எந்த ஆண்டையும் ரசிகர் தவறவிட்டதில்லை. பகல் வருகைகளுக்குக் கணக்கே கிடையாது.

ரைடுகளைப் பற்றி அவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற ரோலர்கோஸ்டரில் சிவப்பு, நீலம் என இரண்டு தண்டவாளங்கள் ஒன்றையொன்று துரத்துகிற மாதிரி பின்னிக்கொண்டு ஓடும். உயரம் 42.5 மீட்டர். சிவப்பில் உட்கார்ந்து போகலாம், நீலத்தில் கால் தொங்கும். "நீலத்துக்கு முன்வரிசை, சிவப்புக்குக் கடைசி வரிசை" என்பது அவர் தீர்ப்பு. காரணமும் வைத்திருக்கிறார். தொங்கும் வண்டியில் முன்வரிசையில் இருந்தால் கண்ணெதிரே தண்டவாளமும் இல்லை, ஆளும் இல்லை, வெறும் ஆகாசம். உட்காரும் வண்டியில் உச்சியைத் தாண்டும்போது முன்பெட்டிகள் ஏற்கெனவே கீழே பாய ஆரம்பித்திருக்கும், அதனால் கடைசிப் பெட்டி வெடுக்கென்று இழுபடும், இருக்கையிலிருந்து உடம்பு எழும்பும். 2013 ஜூலையில் மூடி, 2015 மே மாதம் நான்கு இருக்கை வண்டிகளுக்குப் பதிலாக இரண்டு இருக்கை வண்டிகளோடு திறந்தபோது முதல் வாரமே போய், பழையதோடு ஒப்பிட்டு எனக்கு அரைமணி நேரம் போனில் விளக்கியவர். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடு உலகிலேயே முதலில் இங்கேதான், 2011 டிசம்பரில், திறந்தது. அதைப் பற்றிக் கேட்டால் "கண்ணாடி மாட்டிக்கிட்டுத் திரை பார்க்கிறதுதானே" என்பார். இது அநியாயம். அந்த வண்டி அரங்குகளுக்கு நடுவே நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. நான் சொல்லியும் கேட்கவில்லை.

பேய் இரவுகளைப் பற்றி மட்டும் அவர் கருத்து சுருக்கமாக இருக்கும். "சூப்பர்", "வீண்", இரண்டில் ஒன்று. அதற்கு மேல் ஒரு புலம்பல்: "2016தான் உச்சம். அப்புறம் வருஷா வருஷம் தேய்ஞ்சுக்கிட்டே வருது. இப்பல்லாம் பயமே இல்லை." அந்த ஆண்டு உணவங்காடி நிலையம் ஒன்றையே பேய் வீடாக்கியிருந்தார்கள். தினமும் கோழிச்சோறு வாங்குகிற மாதிரியான இடத்தில் கத்தியோடு ஆள் நின்றால் எப்படி இருக்கும் என்பதை அவர் இன்னமும் ரசித்துச் சொல்வார்.

எங்கள் திட்டம் முழுக்க இந்தச் 'சூப்பர்', 'வீண்' தீர்ப்புகளை வைத்துப் போட்டதுதான். தொடங்கிய வார இறுதியிலேயே அவர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒரு வீடு 'சூப்பர்' (இனி முதல் வீடு), அதற்கு முதலில் போக வேண்டும். இன்னொன்று 'வீண்' (இரண்டாம் வீடு), நேரம் இருந்தால் பார்க்கலாம்.

நிகழ்வு பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றே பூங்கா சொல்கிறது. அக்கா மகளுக்குப் பத்தொன்பது. "பயப்படுவியா?" என்று மாமா கேட்டார். "பேய்னா எனக்குப் பயமில்லை மாமா" என்றாள். நாங்கள் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

முதல் இரவு: கவனித்தவை

எட்டு மணி வாக்கில் உள்ளே போனோம். முதல் வீட்டு வரிசையில் ஏறத்தாழ ஐம்பது நிமிடம். உள்ளே ஆட்களை இடைவெளி விட்டு அனுப்பவில்லை, ஒருவர் பின் ஒருவராக நீண்ட சங்கிலியாகப் போய்க்கொண்டே இருந்தோம். எங்களில் ரசிகர் முதலில், அடுத்து அக்கா மகள், சீன நண்பர், நான், கடைசியில் என் மனைவி.

அந்த வீட்டை ரசிகர் ஏன் புகழ்ந்தார் என்பது இரண்டாவது அறையிலேயே எனக்குப் புரிந்தது. வெட்டி வெட்டி எரியும் வெள்ளை விளக்கு, சுவர் அதிரும் சத்தம். அந்த விளக்கில் ஆள் நகர்வது தெரியாது. இங்கே இருந்தவர் அடுத்த கணம் அங்கே இருப்பார். மேடையில் நாங்களும் செய்கிற வித்தைதான், ஆனால் இத்தனை கிட்டத்தில் செய்யமாட்டோம்.

நாலாவது ஆளாக நடந்த எனக்குப் பயம் ஏறக்குறைய இல்லை. நான் பார்த்தது வேறு. திரைக்குப் பின்னாலிருந்து நடிகர் பாய்வார், முன்னால் போகிறவர் அலறுவார், நான் அங்கே போகும்போது நடிகர் மறுபடி திரைக்குள் நுழைந்துகொண்டிருப்பார். அவர் முதுகைத்தான் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் பின்னால் வந்த மனைவிக்கு அடுத்த பாய்ச்சல் கிடைத்தது. ஒரே வீடு, ஒரே நிமிடம். எனக்கு ஒன்றுமில்லாத அறையில் அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

மூன்றாவது அறையில் அக்கா மகள் நின்றுவிட்டாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடி, சுவர் ஓரமாகக் குனிந்தாள். நடிகர் அவளைப் பார்த்ததும் பின்வாங்கிவிட்டார். இதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். "மாமா, என்னால முடியல" என்றாள். ரசிகர், "இன்னும் ரெண்டு ரூம்தாம்மா, முடிஞ்சிரும்" என்றார். பின்னால் சங்கிலி வந்து முட்டியது.

எடுத்த முடிவுகள்

"ரெண்டு ரூம்தான்" என்பதை அவர் மூன்று முறை சொன்னார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, ஆனால் அதுதான் அன்றைய பெரிய தவறு. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முடித்துவிட்டு வெளியே வந்தால் பெருமையாக இருக்கும் என்று அவர் அனுபவம் சொன்னது. அவளுக்கோ அடுத்த அறை என்ற சொல்லே இன்னொரு சத்தம்.

அறை மூலையில் கைவிளக்கோடு ஒரு பணியாளர் நின்றதை நான் முன்பே பார்த்து வைத்திருந்தேன். கையைத் தூக்கி அழைத்தேன். கறுப்புத் திரை ஒன்றை விலக்கினார், அங்கே கதவு. ஒரு நிமிடத்துக்குள் அவளும் நானும் வெளியே காற்றில் நின்றோம். பணியாளர் ஒரு வார்த்தைகூட அதிகம் பேசவில்லை. "உட்காருங்கள், தண்ணீர் வேண்டுமா" என்றார், அவ்வளவுதான். இப்படி வெளியேறுவது அவர்களுக்கு அன்றாட வேலை என்பது அந்த அமைதியிலேயே தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பலாமா என்ற பேச்சு வந்தது. வெளிச்சமான இடத்தில் உட்கார்ந்து எல்லாரும் எதையாவது குடிப்பது, அவளாகச் சொல்லும்வரை 'அடுத்து என்ன' என்று கேட்காமல் இருப்பது என்று முடிவு செய்தோம். என் மனைவியின் யோசனை. இருபது நிமிடம் கழித்து அக்கா மகளே பேசினாள். சின்ன வயதிலிருந்தே வெடிச்சத்தமும் படபடவென்று அடிக்கும் வெளிச்சமும் ஆகாதாம். தீபாவளிக்கு லிட்டில் இந்தியா பக்கமே போகமாட்டாளாம், அங்கே பட்டாசு இல்லையென்றாலும் ஒலிபெருக்கி போதுமாம். "பேய்க்கு நான் பயப்படலை மாமா. நீங்க பேயைப் பத்தித்தானே கேட்டீங்க?"

ரசிகர் பதில் சொல்லவில்லை.

அடுத்து அவள் கேட்டதுதான் எங்களைத் திகைக்க வைத்தது. மம்மி ரைடுக்குப் போகலாமா என்றாள். இருட்டில் ஓடும் ரோலர்கோஸ்டர் அது. பேய் இரவுகளிலும் சில ரைடுகள் ஓடும், அன்று அது ஓடிக்கொண்டிருந்தது. ரசிகர் வேண்டாம் என்றார். இருட்டு, வேகம், மறுபடி ஏதாவது ஆனால்? அவள் சொன்ன காரணத்தை அப்படியே எழுதுகிறேன்: "அதுல யாரும் என் மூஞ்சிக்கு நேரா வரமாட்டாங்க. எப்ப முடியும்னும் தெரியும்." பகலில் ஏற்கெனவே ஏறியிருந்தாளாம், சத்தம் எவ்வளவு என்பதும் அவளுக்குத் தெரியும். சரி என்று விட்டோம். சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

'வீண்' என்ற வீடு

மணி பத்தரை ஆகிவிட்டது. இரண்டாம் வீட்டு வரிசை குறைவாக இருந்ததால் நாங்கள் மூவர் போனோம். அக்கா மகளும் சீன நண்பரும் வெளியே இருந்தார்கள். சீன நண்பர் வராததற்குக் காரணம் வேறு. அந்த வீட்டு வாசலில் இறந்தவர்களுக்காக எரிக்கும் காகிதப் பொருட்களைப் போலச் செய்து வைத்திருந்தார்கள். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் நடக்கும் கெத்தாய்ப் பாட்டுக் கச்சேரி மேடைக்கு முன்னால் முதல் வரிசை நாற்காலிகளை இறந்தவர்களின் ஆவிகளுக்காகக் காலியாக விடும் குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். விளையாட்டுக்காகக்கூட அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை என்றார். பதினைந்து நிமிடம் முன்பு வரை எங்களோடு சிரித்துக்கொண்டிருந்தவர்.

வரிசையில் நிற்கும்போது ரசிகர் என் மனைவிக்குப் பொந்தியானாக் கதையைச் சொன்னார். பிரசவத்தில் இறந்த பெண், வெள்ளை உடை, நீண்ட தலைமுடி, மலாய்க் கல்லறைகளில் பூக்கும் கெம்போஜா வாசம் வந்தால் அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம். மனைவி கேட்டுவிட்டு, "எங்க அப்பத்தா சொன்ன மோகினி மாதிரியே இருக்கு. அதுக்கு மல்லிப்பூ" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அந்த வீட்டில் சத்தம் குறைவு. விளக்கும் மங்கல்தான், வெட்டி எரியவில்லை. ரசிகர் முன்னால் வழக்கம்போலப் பேசிக்கொண்டே போனார்: "இந்தத் திரைக்குப் பின்னாடி ஆள் இருப்பான் பாரு." நடுவில் ஒரு நீளமான நடைபாதை. கடைசியில் முதுகைக் காட்டிக்கொண்டு வெள்ளைப் புடவை மாதிரி ஏதோ ஒன்று. அது பாயவில்லை, திரும்பக்கூட இல்லை. நாங்கள் அதைத் தாண்டிப் போக வேண்டும், அவ்வளவுதான். என் மனைவி அங்கே நின்றாள். "ஏங்க, நீங்க முன்னாடி போங்க" என்றவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் கடந்தாள். வெளியே வந்தபோது கை சில்லிட்டிருந்தது. முதல் வீட்டில் சட்டையைப் பிடித்து இழுத்தவள் வெளியே வந்ததும் அதை மறந்துவிட்டாள். இதை மறுநாள் காலையிலும் பேசினாள்.

ரசிகர், "பார்த்தியா, ஒண்ணுமே இல்லை, வீண்" என்றார்.

நடுவில் ஒரு வாரம்

இரவுச் சாப்பாட்டுக்கு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது இதைப் பேசினோம். ஒரு கேள்வியைத்தான் நான் கேட்டேன். பேட்டில்ஸ்டாரைப் பற்றிச் சொன்னால் எந்த நிறம், எந்த வரிசை, மழை பெய்த பிறகா முன்பா என்றெல்லாம் சொல்கிறாய். பேய் வீட்டைப் பற்றி ஏன் அப்படிச் சொல்வதில்லை?

"வீட்டுல சீட் எங்கடா இருக்கு?" என்றார். பிறகு அவரே யோசித்தார். இடம் இருக்கிறது. சங்கிலியில் எத்தனையாவது ஆள் என்பது ஓர் இருக்கைதான். பத்து ஆண்டுக்கு மேலாக அவர் எப்போதும் முதல் ஆளாகவே நடக்கிறார், எப்போதும் பேசிக்கொண்டே நடக்கிறார், எங்கே ஆள் ஒளிவார்கள் என்று தேடிக்கொண்டே நடக்கிறார். இப்படி நடக்கிறவரைத் திடுக்கிட வைக்கக்கூடியது கண்ணைக் கூச வைக்கும் வெளிச்சமும் பெரிய சத்தமும்தான். உடம்பு அதற்கு யோசிக்காமல் துள்ளும். அதனால் அது இருக்கும் வீடெல்லாம் 'சூப்பர்', இல்லாத வீடெல்லாம் 'வீண்'. திடுக்கிடலும் அடிக்கடி நடந்தால் மழுங்கும் என்பதால் ஆண்டுக்கு ஆண்டு 'தேய்கிறது'. தேய்ந்தது நிகழ்வா அவரா என்பது அவர் கணக்கிலிருந்து தெரிய வழியே இல்லை.

நிகழ்வு உண்மையிலேயே தேய்ந்திருக்கவும் கூடும் என்று அவர் பிடிவாதமாகச் சொன்னார். அதை நானும் மறுக்கவில்லை.

இரண்டாம் இரவு

அடுத்த வாரம் நாங்கள் இருவர் மட்டும் போனோம். முறையை மாற்றினோம். முதல் வீட்டுக்குக் கூட்டம் நெருக்கும் ஒன்பது மணிக்கு, சங்கிலியில் நடு ஆளாக. இரண்டாம் வீட்டுக்குக் கடைசி ஒரு மணி நேரத்தில், முன்னால் போகும் கூட்டத்துக்கும் எங்களுக்கும் இடைவெளி விட்டு, பேசாமல். ஆள் ஒளியும் இடங்களைச் சுட்டிக்காட்டக் கூடாது என்பது என் நிபந்தனை. அவருக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது.

முதல் வீட்டில் ஒவ்வொரு பாய்ச்சலும் முன்னால் போனவர்களுக்கே தீர்ந்துபோனது. நடிகரின் முதுகை அவரும் பார்த்தார். வெளியே வந்து, "சுமார்" என்றார். 'சூப்பர்' என்று அவர் சொன்ன வீட்டைத்தான். அன்றைக்கு நடிகர்களும் மாறியிருக்கலாம். பெரிய பேய் நிகழ்வுகளில் ஒரே வேடத்தை ஆட்கள் முறை மாற்றிச் செய்வது வழக்கம், தொண்டையும் முழங்காலும் ராத்திரி முழுக்கத் தாங்காது. இதையும் குறித்துக்கொண்டோம்.

இரண்டாம் வீட்டில் அந்த நடைபாதைக்கு நாங்கள் வந்தபோது முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. வெள்ளை உருவம் அதே இடத்தில். ரசிகர் நடை தளர்ந்தது. நாங்கள் அதைத் தாண்டும் கணத்தில் அது தலையை மட்டும் லேசாகத் திருப்பியது. முதல் இரவும் திருப்பியதோ என்னவோ, பேச்சில் கவனிக்கவில்லை. ரசிகர் பின்னால் துள்ளி என் காலை மிதித்தார். கால் இடறிவிட்டதாக இன்றுவரை சொல்கிறார்.

அவர் தன் கருத்தை மாற்றிக்கொண்டார் என்று எழுதினால் பொய்யாகிவிடும். "முதல் வீடுதான் பெட்டர், முன்னாடி நின்னா" என்றார். அந்தப் பிற்சேர்க்கை புதிது.

பிறகு நடந்தவை, மறுமுறை மாற்ற வேண்டியவை

அக்கா மகள் இதைத் தன் அம்மாவிடம் ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னாள். ரசிகருக்கு அக்காவிடமிருந்து நல்ல திட்டு விழுந்தது. நியாயமான திட்டு.

நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி "பயப்படுவியா" என்பதில்லை. வெட்டி எரியும் வெளிச்சம் ஒத்துக்கொள்ளுமா, பெரிய சத்தம், புகை, குறுகிய இடம், யாரோ முகத்துக்கு நேராக வருவது, இவற்றைத் தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டும். வெளிச்சம் பற்றிய எச்சரிக்கைப் பலகை வாசலிலேயே இருந்தது. நான் உட்பட யாரும் அவளிடம் அதைக் காட்டவில்லை. விளக்கு வேலை செய்கிறவன் நான், எனக்கு மன்னிப்பே கிடையாது.

உள்ளே போவதற்கு முன்பே கைச்சைகை ஒன்று பேசி வைத்திருக்க வேண்டும். அது வந்தால் 'இன்னும் ரெண்டு ரூம்' என்ற பேச்சே எழக்கூடாது. பணியாளர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொள்வதைத் தற்செயலுக்கு விட்டிருக்கக் கூடாது. முதல் முறை வருகிறவரை இரண்டாவது ஆளாக நிறுத்தியதும் பிசகு. முன்னால் போகிறவருக்கு வைத்த குறியில் தப்புவதெல்லாம் இரண்டாவது ஆள் மேல்தான் விழும்.

சீன நண்பரிடம் ரசிகர் தனியாகப் போய் வருத்தம் சொன்னார். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு எந்த வீடு எதைப் பற்றியது என்று முன்கூட்டியே சொன்னால் போதும் என்றார்.

அடுத்த அக்டோபரில் முதல் வார இறுதிக்குப் போய்விட்டு ரசிகர் எங்கள் குழுவுக்கு அனுப்பிய செய்தி இது:

"வீடு ஒண்ணு. இரவு 8.40. நான் முதல் ஆள். ரெண்டாவது ரூம்ல வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்கும், ஒரு நிமிஷத்துக்குக் குறைவு. சத்தம் அதிகம். மூணாவது ரூம்ல இடது பக்கம் வெளியேறும் கதவு, ஆள் நிக்கிறாங்க. காகிதப் பொருள் எதுவும் இல்லை. நான் பயப்படலை. எனக்குப் பின்னாடி வந்த அம்மா ரொம்பப் பயந்தாங்க."

அக்கா மகள் பகலிலேயே வந்து நீலத்தில் முன்வரிசையில் மூன்று முறை போனாள். இரவு காதடைப்பான் மாட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் எங்களோடு வந்தாள், இந்த முறை நாலாவது ஆளாக. மூன்றாவது அறையில் கையைத் தூக்கினாள். ரசிகர் ஒன்றும் சொல்லாமல் இடது பக்கம் திரும்பி அவளோடு வெளியே போனார். நான் மிச்ச அறைகளை முடித்துவிட்டு வந்தபோது இருவரும் வாசலில் நின்று, எந்த அறையில் எந்த இடம் நல்ல இடம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.